அப்பாவோட பொறுமைக்கு 3 வருஷம்தான் ஆயுளாம்

ஒரு பிளாஸ்டிக் கவர்ல 7 மண்டிச் சிட்டை. பின் துருப்பிடிச்சு முதல் சிட்டையில கறை இறங்கியிருக்கு. கேத்திப் பள்ளத்தாக்குல விளைஞ்ச எங்க கேரட் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கினதுக்கு அதுதான் சாட்சி. பாக்கி 1,84,000 ரூபாய். கடைசிச் சிட்டைத் தேதி 2022 ஆகஸ்ட் 19.

போன அக்டோபர்ல அதை எடுத்துக்கிட்டு ஊட்டியில ஒரு வக்கீலைப் பார்த்தோம். அவர் தொகையைப் பார்க்கவே இல்ல, தேதியைத்தான் பார்த்தார். "ரெண்டு மாசம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா? லிமிட்டேஷன் போச்சே" என்றார். அப்பாவுக்கு அந்த வார்த்தையே புரியல. சரக்கு குடுத்த பணத்துக்கு 3 வருஷத்துக்குள்ள வழக்குப் போடணுமாம். 1963-ஆம் வருஷக் காலவரையறைச் சட்டம். எதிராளி வாயே திறக்காட்டியும், கெடு தாண்டியிருந்தா நீதிபதியே தள்ளுபடி பண்ணணுமாம்.

வயிறு எரியுதுங்க. எங்கப்பா தூங்கிட்டா இருந்தார்? மாசம் ஒரு தடவை மண்டிக்காரருக்குப் போன் போட்டார். ஒவ்வொரு தடவையும் "அடுத்த வாரம் கவுடரே". அந்த 'அடுத்த வாரம்' ஒண்ணுகூடக் கணக்குல வராது. 2023 தீபாவளிக்கு மண்டிக்காரர் பத்தாயிரம் ரொக்கமா குடுத்தார். கெடுவுக்குள்ள அவர் அதை ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருந்தா, அன்னையில இருந்து புதுசா 3 வருஷம் ஓடியிருக்கும், இன்னைக்கும் வழக்குப் போடலாம். அப்பா கேட்டார். அதுக்கு அவர், "ஏனுங்க, நமக்குள்ள எழுத்தெல்லாம் எதுக்குங்க, நான் எங்க ஓடிப்போறேன்?" அதுக்கப்புறம் மானஸ்தன் மறுபடி கேப்பாரா?

சரி, எல்லாத்துக்கும் 3 வருஷம்னாவது மனசுல வெச்சுக்கலாமா? அதுவும் இல்ல. நிலத்தை ஒருத்தன் அமுக்கிட்டா மீட்க 12 வருஷம். அரசாங்கம் சிவில் வழக்குப் போட்டா பொதுவா 30 வருஷம். நுகர்வோர் புகாருக்கு 2 வருஷம். செக் திரும்பினா 30 நாளுக்குள்ள நோட்டீஸ், நோட்டீஸ் கிடைச்சு 15 நாள்ல பணம் வரலைன்னா அடுத்த ஒரு மாசத்துக்குள்ள கோர்ட். விபத்து இழப்பீட்டுக்கு இருந்த கெடுவை 1994-ல எடுத்தாங்க. 2019 திருத்தத்துல 6 மாசம்னு திரும்பக் கொண்டுவந்தாங்க. மலைப்பாதையில பஸ் கவுந்து கால் ஒடைஞ்சு படுத்தவன் எழுந்து நடக்கவே 6 மாசம் ஆகுமே! இதை யோசிச்சவங்க ஒருத்தராவது பிளேட் வெச்ச காலோட படுத்திருப்பாங்களா?

என்னால தாங்க முடியாதது இதுதான்: அப்பீல் தாமதமானா காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம். முதல்முதலா வழக்குப் போட வர்றவனுக்கு அந்த மன்னிப்பே கிடையாது. கடைசி நாள் கோர்ட் மூடியிருந்தா திறக்கிற அன்னைக்குப் போடலாம். அதே நாள் மண்சரிவுல ரோடு மூடி நாங்க வீட்டுக்குள்ள முடங்கினா? அது எங்க தலையெழுத்து. இத்தனை கறாரும் கோர்ட் வாசப்படி வரைக்கும்தான், உள்ளே போயிட்டா வாய்தா மேல வாய்தா.

பழைய பாக்கியைக் காலமெல்லாம் இழுக்கக் கூடாது, சாட்சி செத்துப்போகும், கணக்கு காணாமப்போகும்னு காரணம் சொல்றாங்க. எங்க சாட்சி உயிரோட, கையெழுத்தோட கவர்ல இருக்கு! கெடு இருக்கட்டும். அதை ஒவ்வொரு சிட்டையோட அடியிலயும் தமிழ்ல அச்சடிச்சுத் தொலைங்களேன். ஏமாத்துறவனுக்குத் தெரிஞ்ச தேதி ஏமாந்தவனுக்குத் தெரியக் கூடாதா?

கடன் இன்னும் சாகலையாம், வசூலிக்கிற வழிதான் அடைஞ்சுபோச்சாம். இப்பவும் மண்டிக்காரர் மனசு வெச்சு, "இந்தப் பாக்கியைத் தர்றேன்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டா ஒப்பந்தச் சட்டப்படி செல்லும்னு வக்கீல் சொன்னார். போன வாரம் அப்பாவைக் கூட்டிக்கிட்டு மலை இறங்கினேன். ஒரே ஒரு வரி எழுதின பேப்பரை நீட்டினோம்.

எழுத்தெல்லாம் எதுக்குன்னு கேட்ட அதே மனுஷன், பேப்பரை ரெண்டு தடவை படிச்சுட்டு, "எங்க வக்கீலைக் கேட்டுட்டுச் சொல்றனுங்க" என்றார்.