ஆமாம், மாவுத் தண்ணீர்தான்

எந்த ரீல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நேற்றிலிருந்து ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள், கண்ணில் நீர் வரச் சிரிக்கும் அந்தப் பொம்மையோடு. 'ஓட்ஸ் பால் வெறும் மாவுத் தண்ணீர், குடிக்கிறவன் எல்லாம் சீன் பார்ட்டி' என்கிறார் ரீலில் வரும் அண்ணன். நல்ல கைதட்டல்.

சரி, மாவுத் தண்ணீர்தான். ஓட்ஸை ஊறவைத்து, அரைத்து, நொதி சேர்த்து, வடிகட்டினால் வேறு என்ன வரும்? நூறு மில்லியில் புரதம் ஒரு கிராம் இருந்தால் அதிகம். பசும்பாலில் மூன்று கிராமுக்கு மேல். அந்த நொதி மாவுச்சத்தை உடைத்து மால்டோஸ் என்ற சர்க்கரையாக்கிவிடுவதால், 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று பாக்கெட்டின் முன்பக்கம் போட்டிருந்தாலும் இனிக்கத்தான் செய்யும். சுகர் இருப்பவர்கள் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். இதையெல்லாம் போன வருடமே இதே பக்கத்தில் எழுதினேன். அப்போது லைக் போட்டவர்கள்தான் இப்போது ரீல் அனுப்புகிறார்கள்.

எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. அதனால் ஓட்ஸ் பால் குடிக்கிறேன். இதில் எங்கே வருகிறது சீன்?

பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். குழந்தைப் பருவம் தாண்டியதும் பலருக்கு அது குறைந்துவிடுகிறது. உலகத்தில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு இப்படித்தான். ஓட்ஸ் பால் பிறந்ததே இவர்களுக்காகத்தான். 1990-களில் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ரிக்கார்ட் ஓஸ்டே என்ற விஞ்ஞானி, பால் சேராதவர்களை மனதில் வைத்து உருவாக்கினார். கஃபேக்காரர்கள் பிற்பாடு வந்து அதைப் பிடித்துக்கொண்டதற்கு நான் என்ன செய்ய?

'அப்படியானால் தயிர் மட்டும் எப்படிச் சாப்பிடுகிறாய்?' இது எனக்குப் பிடித்த கேள்வி. ஏதோ திருட்டைப் பிடித்த மாதிரி கேட்பார்கள். பால் தயிராகும்போது அந்த லாக்டோஸில் ஒரு பகுதியைப் பாக்டீரியாவே தின்றுவிடுகிறது. மிச்சத்தைச் செரிக்கவும் கைகொடுக்கிறது. அதனால் என்னைப் போன்ற பலருக்குத் தயிர் தொந்தரவு செய்வதில்லை. நான் மோர் சாதம் சாப்பிடுவதைப் பந்தியில் குனிந்து பார்த்துவிட்டு, 'பாலே ஆகாதுன்னாளே' என்று பக்கத்து இலையில் கிசுகிசுக்கும் அன்பு உள்ளங்களே, தயவுசெய்து உங்கள் இலையைப் பாருங்கள்.

'லாக்டோஸ் நீக்கிய பால் குடிக்கலாமே.' எங்கள் தெருக் கடையில் வைத்தால் குடிக்கிறேன். அடுத்து.

'விலை?' அதிகம்தான். ஒரு பாக்கெட் விலைக்கு ஐந்தாறு லிட்டர் ஆவின் பால் வரும். அதனால்தான் காபிக்கு மட்டும் ஊற்றுகிறேன். டிகாஷனின் புளிப்பில் சாதாரண ஓட்ஸ் பால் திரிந்து நிற்கும். காபிக்கென்றே 'பாரிஸ்டா' என்று போட்டு வரும் வகையில் எண்ணெயும் பாஸ்பேட் உப்பும் இருப்பதால் திரியாது. கொதிக்க விடாதீர்கள், சூடேறினால் போதும். முக்கியமாகக் குலுக்கி ஊற்றுங்கள், சேர்த்திருக்கும் கால்சியம் அடியில் தங்கிவிடும். வீட்டில் அரைப்பதில் அந்தக் கால்சியமும் கிடையாது, பி12 வைட்டமினும் கிடையாது. அடுப்பில் வைத்தால் கஞ்சி. கைக்குழந்தைக்குப் பாலுக்குப் பதிலாக இதைக் கொடுப்பவர்கள் மேல், அந்த அண்ணன் மேல் இருப்பதைவிட எனக்குக் கோபம் அதிகம். ஓட்ஸில் இருக்கும் பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் என்று மூன்று டம்ளர் குடிக்கக் கிளம்பாதீர்கள், அதற்கு ஓட்ஸையே சாப்பிட்டுவிடலாம். இவ்வளவு குறையையும் நானே சொல்கிறேன். இன்னும் என்ன வேண்டும் உங்களுக்கு?

ரீல்காரரை விடுங்கள், அவருக்கு வியூஸ் வேண்டும். சொந்தக்காரர்களுக்கு என்ன வேண்டும் என்றுதான் புரியவில்லை. பெரியப்பா மகன் வீட்டு கிரகப்பிரவேசத்தில் பால் காய்ச்சி எல்லோருக்கும் கொடுத்தார்கள். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். 'உனக்குத் தனியா ஓட்ஸ்ல காய்ச்சணுமோ?' என்று ஒரு குரல். கூடம் முழுக்கச் சிரிப்பு. 'நல்ல நாளும் அதுவுமா வேண்டாம்னு சொல்லாதே' என்று இன்னொரு குரல். குடித்தேன். புது வீட்டின் கழிப்பறையைத் திறந்து வைத்த பெருமை எனக்குத்தான். பந்தி முடியும்வரை அங்கேயும் வெளியேயுமாக இருந்தேன். அப்போதும் 'எல்லாம் மனசுதான் காரணம்' என்றார்கள்.

மூட்டு வலி என்றால் நம்புகிறீர்கள். பிரஷர் என்றால் உப்பில்லாமல் தனியாகச் சமைக்கிறீர்கள். வயிறு என்றால் மட்டும் ஏன் திமிர் ஆகிவிடுகிறது? அதிலும் ஒரு பெண் சொன்னால்?

அன்று அந்தக் கூடத்தில் ஓரமாக இன்னொருத்தியும் டம்ளரோடு நின்றாள். நாலாவது படிக்கிறவள். தினமும் காலையில் பாலைக் குடிக்கவைத்து வேனில் ஏற்றுகிறார்கள். இரண்டாவது பீரியடில் வயிற்று வலி என்று அழுகிறாள். பள்ளிக்குப் போகாமலிருக்க நடிக்கிறாளாம்.

அக்கா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அவளை ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஓட்ஸ் பால் வாங்கிக்கொடுங்கள் என்று நான் சொல்லவே இல்லை.