வேலூரில் பள்ளிக் கட்டணம் குறைவு என்று சொல்வதற்கு முன்

ஞாயிற்றுக்கிழமை நம்மோடு படித்தவர்கள் கூடிய மண்டபத்தில் நடந்ததை நான் மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. உங்களில் பாதிப் பேர் நேரில் இருந்தீர்கள், மீதிப் பேர் அன்று இரவுக்குள் கேள்விப்பட்டுவிட்டீர்கள். "நாங்கள் ஒரு பிள்ளைக்குக் கட்டுகிற பணத்தில் வேலூரில் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்துவிடலாம், அப்புறம் எதற்குடா புலம்புகிறீர்கள்" என்று சென்னையில் குடியேறிய நம் நண்பன் மைக்கைப் பிடித்துச் சொன்னான். அவன் என் பெஞ்சில் பக்கத்தில் அமர்ந்து படித்தவன். அவன் மனத்தில் கெட்ட எண்ணம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால், அதைக் கேட்டுவிட்டு இங்கேயே குடியிருந்து இங்கேயே கட்டணம் கட்டுகிறவர்கள் தலையாட்டிச் சிரித்தார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. போன ஜூன் மாதம் இரண்டாம் தவணை கட்ட நகையை அடகு வைத்ததாக என் கடையில் நின்று சொன்னவரும் அங்கே சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

வேலூரில் கட்டணம் குறைவு என்று சொல்கிறவர்கள் இரண்டு ரசீதுகளை அருகருகே வைத்துப் பார்க்கிறார்கள். அந்த ரசீதைக் கட்டுகிற இரண்டு வீடுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில்லை. நண்பன் தன் மகனுக்கு ஆண்டுக்கு 1,60,000 ரூபாய் கட்டுவதாகச் சொன்னான். அவன் வீட்டில் கணவன், மனைவி இருவருக்கும் மென்பொருள் நிறுவனச் சம்பளம். அவர்களது ஒரு மாத வருமானத்தில் அந்தத் தொகை அடங்கிவிடும். நான் என் மகளுக்கு, வேன் கட்டணம் சேர்க்காமல், 55,000 ரூபாய் கட்டுகிறேன். காட்பாடியில் ஜெராக்ஸ் எடுத்து, நோட்டுப் புத்தகமும் பேனாவும் விற்கிற எனக்கு, கடை வாடகையும் மின்கட்டணமும் போக அது மூன்று மாத வருமானம். ஒரு மாத வருமானத்தைக் கொடுப்பவனுக்குப் பள்ளி விலை அதிகமாம், மூன்று மாத வருமானத்தைக் கொடுப்பவனுக்குப் பள்ளி மலிவாம். இது எந்தக் கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

நம் ஊரில் இந்த விலையை யார் நிர்ணயிக்கிறார்கள் என்பதையும் யோசியுங்கள். 1900-ஆம் ஆண்டு ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய சிஎம்சி மருத்துவமனை இன்று நாடு முழுவதிலிருந்தும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் இங்கே கொண்டுவந்து சேர்க்கிறது. 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய விஐடி பல்கலைக்கழகம் பேராசிரியர் குடும்பங்களைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு எந்தக் காரணமும் இல்லை. என் கடையே அவர்களால்தான் ஓடுகிறது. ஆனால், ஒரு பள்ளி நிர்வாகம் தன் கட்டணத்தை எழுதும்போது இந்த மாதச் சம்பளக்காரர்களைத்தான் மனத்தில் வைத்து எழுதுகிறது. அதே வகுப்பில் அதே கட்டணத்தைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருப்பது யார்? கே.வி.குப்பத்தில் தறி ஓட்டுகிறவரின் பிள்ளை, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவரின் பிள்ளை, கம்மவான்பேட்டையிலிருந்து பட்டாளத்துக்குப் போய் எல்லையில் நிற்கிறவரின் பிள்ளை. ஒரு பெருநகரத்துச் சம்பளத்தை வைத்து விலையை எழுதிவிட்டு, சிறிய ஊர்க் கூலியில் அதை வசூலிக்கிறார்கள். சென்னையிலும் ஏழைகள் இருக்கிறார்கள் என்று நீங்கள் சொல்லலாம், உண்மைதான். ஆனால், அங்கே ஒரே தெருவில் நாலு வகைப் பள்ளிகள் நாலு விலையில் இருக்கின்றன. இது கட்டுப்படியாகாவிட்டால் அடுத்ததற்குப் போகலாம். இங்கே ஓரளவு நல்ல பள்ளி என்று பெயர் எடுத்தவற்றை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அது அவர்களுக்கும் தெரியும்.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். தமிழ்நாடு பள்ளிகள் கட்டண வசூல் ஒழுங்குமுறைச் சட்டம் 2009-இல் வந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் கட்டணத்தை நிர்ணயிக்கும். நிர்ணயித்தது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்கு மேல் வாங்கினால் சிறைத் தண்டனைக்குக்கூட அந்தச் சட்டத்தில் இடமுண்டு. நல்ல சட்டம்தான். ஆனால், குழு எவற்றைப் பார்த்து நிர்ணயிக்கிறது என்று படித்துப் பாருங்கள்: பள்ளி அமைந்துள்ள இடம், அதன் கட்டட வசதிகள், நிர்வாகச் செலவு, பராமரிப்புச் செலவு, பள்ளியின் வளர்ச்சிக்குத் தேவையான நியாயமான உபரி. பெற்றோரின் வருமானம் அந்த வரிசையிலேயே இல்லை. பள்ளி பளிங்குத் தரை போட்டால் அது செலவுக் கணக்கில் ஏறும். அந்தத் தரைக்காக ஒரு தகப்பன் வாங்கிய கடன் எந்தக் கணக்கிலும் ஏறாது. குழுவின் அலுவலகமும் சென்னையில்தான் இருக்கிறது. தறியை நிறுத்திவிட்டு, ஒரு நாள் கூலியை இழந்து, காட்பாடியில் ரயிலேறிச் சென்னைக்குப் போய், என் பிள்ளையின் பள்ளிக்கு எதிராகப் புகார் கொடுக்கிறேன் என்று எத்தனை பேர் நிற்பார்கள்?

குழு நிர்ணயித்த தொகைக்கு ஒரு ரசீது, மீதிக்கு முத்திரை இல்லாத ஒரு துண்டுச் சீட்டு என்று வாங்கி வந்தவர்கள் இதைப் படிக்கிறவர்களிலேயே இருக்கிறீர்கள். ஸ்மார்ட் வகுப்பு, கராத்தே, நீட் அடித்தளப் பயிற்சி, ஆண்டு விழா, பள்ளி நாட்குறிப்பு என்று அந்தச் சீட்டில் வரிகள் நீண்டுகொண்டே போகும். என் மகள் கராத்தே வகுப்புக்குப் பணம் கட்டிய ஆண்டில் கராத்தே ஆசிரியர் தீபாவளிக்கு முன்பே நின்றுவிட்டார். பணம் திரும்பி வரவில்லை, கேட்டதற்குப் பதிலும் வரவில்லை.

நோட்டுப் புத்தக விஷயத்தை நான் சொல்லாமல் விட முடியாது. பள்ளியின் பெயர் அச்சிட்ட அட்டை போட்ட நோட்டுகளைப் பள்ளியிலேயே வாங்க வேண்டும், வெளியில் வாங்கிய நோட்டை ஆசிரியர் திருத்த மாட்டார். அந்தத் தாள் என்ன தரம், எத்தனை பக்கம், மொத்த விலைக்கு என்ன வரும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதைவிடக் கனமான தாளில் அதே பக்க எண்ணிக்கை உள்ள நோட்டை நான் என் லாபத்தையும் சேர்த்து விற்கிற விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கை அவர்கள் பெற்றோரிடம் வாங்குகிறார்கள். "உன் வியாபாரம் போகிறது, அதனால்தான் உனக்கு எரிகிறது" என்று ஒருவர் ஏற்கெனவே என்னிடம் சொல்லியாகிவிட்டது. ஆம், என் வியாபாரமும் போகிறது. ஜூன் மாதம்தான் எங்களைப் போன்ற கடைகளுக்கு ஆண்டு முழுவதற்கும் சோறு போடுகிற மாதம், அது போய்விட்டால் நாங்கள் எதை வைத்துக் கட்டணம் கட்டுவது? ஊர்க் கடைகளில் சுழல வேண்டிய பணத்தைப் பள்ளியே சுருட்டிக்கொண்டு, அந்த ஊர்க்காரரிடமே கட்டணத்தையும் உயர்த்திக் கேட்பது அநியாயம். கடைக்காரன் சொல்கிறான் என்பதற்காக அந்த அநியாயம் நியாயமாகிவிடாது.

பணத்தைக்கூட விடுங்கள். என் அக்கா பெரம்பூரில் இருக்கிறாள். அவள் மகன் படிப்பதும் பெரிய பள்ளி ஒன்றும் இல்லை, நடுத்தரமான மெட்ரிக் பள்ளிதான். அங்கே ஒரு தடவை வேன் கட்டணத்தைத் திடீரென்று உயர்த்தியபோது, பெற்றோர் முப்பது நாற்பது பேர் சேர்ந்து போய்க் கேட்டிருக்கிறார்கள். தாளாளரே கீழே இறங்கி வந்து, டீசல் செலவு இவ்வளவு, ஓட்டுநர் சம்பளம் இவ்வளவு என்று கணக்கைக் காட்டிப் பேசி, கடைசியில் உயர்வில் பாதியைக் குறைத்துக்கொண்டாராம். அக்கா இதைச் சாதாரணமாகச் சொன்னாள். எனக்குக் கேட்கவே புதிதாக இருந்தது. இங்கே நாம் அலுவலக அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, கைகட்டி நின்று, உள்ளே போனதும் பாதிக் குரலில் பேசுகிறோம். ஒரு கேள்வி கேட்டால், "பிடிக்கவில்லை என்றால் டிசி வாங்கிக்கொள்ளுங்கள்" என்பதுதான் பதில். சரி, கொடுங்கள் என்றால், பாக்கியைக் கட்டினால்தான் தருவோம் என்பார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு மாற்றுச் சான்றிதழை உடனே கொடுக்க வேண்டும் என்கிறது. டிசி என்பது கட்டணப் பாக்கியை வசூலிக்கும் கருவி இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் எத்தனை பிள்ளைகளின் டிசி நம் ஊர்ப் பள்ளிகளின் பீரோவில் கிடக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள்.

சென்னைப் பள்ளிகளின் கட்டணத்தைப் பார்த்து வளர்ந்த நிர்வாகங்கள், சென்னைப் பெற்றோருக்குக் கிடைக்கிற மரியாதையைப் பார்த்து வளரவில்லை. கெடுபிடியை மட்டும் நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-இல் நிறுத்தியது. நம் ஊரில் இன்றும் முடிவு வந்த மறுநாள் பிள்ளைகளின் முகத்தைப் பேனரில் அடித்துச் சாலையோரம் கட்டுகிறார்கள். ஏப்ரல், மே வெயிலில், இந்த ஊர் வெயிலில், சிறப்பு வகுப்பு நடத்துகிறார்கள். விடுமுறையில் வகுப்பு நடத்தக் கூடாது என்று ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பு வருகிறது, ஒவ்வோர் ஆண்டும் சீருடை இல்லாமல் வரச் சொல்லி வகுப்பு நடக்கிறது.

இனி, "அரசுப் பள்ளியில் சேர்க்க வேண்டியதுதானே" என்ற கேள்வி. கேட்கிறவர்களில் பலரின் பிள்ளைகள் தனியார் பள்ளியில்தான் படிக்கிறார்கள் என்பதை ஒருபுறம் வைக்கிறேன். நானும் நீங்களும் அரசுப் பள்ளியில் படித்தவர்கள். டாக்டர் ராதாகிருஷ்ணன் வாலாஜா அரசுப் பள்ளியில் படித்தவர் என்று நமக்கு ஆசிரியர்கள் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அரசுப் பள்ளியை நான் இழிவாக நினைப்பவன் இல்லை. காலை உணவும் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடும் வந்த பிறகு அங்கே நிலைமை மாறியிருக்கிறது என்பதும் தெரியும். ஆனால், ஐந்தாம் வகுப்பு வரை ஒரு வழியில் போன பிள்ளையை நடுவில் மாற்றுவதற்கு எனக்குத் துணிவு வரவில்லை, அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதும் இல்லை. தனியார் பள்ளியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் கேள்வி கேட்கும் உரிமை போய்விடும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

"கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு உள்ள 25 சதவீத இலவச ஒதுக்கீட்டில் சேர்க்கலாமே" என்பவர்களுக்கு ஒரே பதில்: 2025-26 கல்வியாண்டில் மத்திய நிதிப் பிரச்சினையால் அந்தச் சேர்க்கையே அக்டோபரில்தான் தொடங்கியது. ஜூன் மாதம் முதல் பிள்ளையை வீட்டில் வைத்திருக்க முடியாமல் பணம் கட்டிச் சேர்த்தவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள்.

"ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டாமா" என்று கேட்கிறார்கள். தாராளமாகக் கொடுக்கட்டும், அதைக் கேட்டு முதலில் மகிழ்கிறவன் நானாக இருப்பேன். என் மனைவி பி.எட். முடித்து ஒரு மெட்ரிக் பள்ளியில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவள். அவள் வாங்கிய மாதச் சம்பளத்தைவிட என் கடையில் வேலை பார்த்த பையனுக்கு நான் கொடுத்தது அதிகம். மே மாதச் சம்பளம் கிடையாது. மாணவர் சேர்க்கைக்கு வெயிலில் வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்கப் போக வேண்டும், அதற்கும் தனியாக எதுவும் கிடையாது. பிரசவத்துக்கு விடுப்புக் கேட்டபோது, போய்விட்டுப் பிறகு பார்க்கலாம் என்று சொன்னார்கள், பிறகு வேறு ஒருவரைப் போட்டுக்கொண்டார்கள். ஆகவே, கட்டணம் ஆசிரியருக்குப் போகிறது என்று என் வீட்டு வாசலில் வந்து யாரும் சொல்லாதீர்கள். புதிதாக எழும் மாடியும், புதிதாக வாங்கிய பேருந்துகளும், புறவழிச்சாலை ஓரத்தில் வளைத்த நிலமும் அந்தப் பணம் எங்கே போகிறது என்று தாமாகவே சொல்கின்றன.

சென்னையோடு மட்டும் ஏன் ஒப்பிட வேண்டும்? ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய சித்தூரைப் பாருங்கள். தனியார் பள்ளிகளின் பிடி அங்கே நம்மைவிட இறுக்கம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் தந்த அம்ம ஒடி திட்டத்தை 2020 ஜனவரியில் ஆந்திர அரசு தொடங்கி வைத்ததே சித்தூரில்தான். தனியார் பள்ளியில் படிக்கிற பிள்ளையின் ஏழைத் தாய்க்கும் அது கிடைத்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் அரசாங்கம், தனியார் பள்ளிக்குப் போகிறவர்கள் எல்லாரும் வசதியானவர்கள் இல்லை என்று ஒப்புக்கொண்டது. இந்தப் பக்கம் நம் நண்பனே ஒப்புக்கொள்ள மறுக்கிறான்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போது எனக்கு நினைவில் வந்துகொண்டே இருப்பது ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன். பெயரும் பள்ளியும் வேண்டாம். மூன்றாம் தவணை கட்டாததால் அவனைத் தேர்வு நடந்த அறைக்கு வெளியே நிற்க வைத்தார்கள். அவன் அப்பா பணம் புரட்டிக்கொண்டு வருகிற வரையில் அவன் வராந்தாவிலேயே நின்றான். உடன் படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களில் என் மகளும் ஒருத்தி. பிள்ளைகளை மனரீதியாகத் துன்புறுத்துவதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடை செய்கிறது. அதை எழுதியவர்கள் இந்தப் பையனை நினைத்துத்தான் எழுதியிருப்பார்கள். அவன் அதற்குப் பிறகு வகுப்பில் கையைத் தூக்கி ஒரு பதிலும் சொல்வதில்லை என்று என் மகள் சொல்கிறாள். அப்பாவின் வறுமையை முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் காட்டிக் கொடுத்த ஒரு பள்ளியை நான் மலிவு என்று எப்படிச் சொல்வேன்?

வரும் திங்கட்கிழமை சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுக்கிறோம். அதன் நகல் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கும், சென்னையில் உள்ள கட்டண நிர்ணயக் குழுவுக்கும் பதிவுத் தபாலில் போகும். எங்கள் கோரிக்கைகள் இரண்டே. குழு நிர்ணயித்த கட்டண ஆணையை ஒவ்வொரு பள்ளியும் வாசலில் பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும். டிசி நிறுத்தி வைக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அதை உடனே வழங்க வேண்டும். ரசீதோ, துண்டுச் சீட்டோ, பள்ளியிலிருந்து வந்த வாட்ஸ்அப் தகவலோ வைத்திருப்பவர்கள் சனிக்கிழமை மாலைக்குள் கடைக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் பெயரும் பிள்ளையின் பெயரும் தெரியாதபடி மறைத்துத்தான் நகல் எடுப்பேன். அதற்கு நான் பணம் வாங்க மாட்டேன்.