தேடினதா, தானா வந்ததா?

ஜூலை மாதம் வந்தால் எங்கள் கடைக்குத் திருவிழாதான். குளித்தலையில் சின்னதாக ஒரு பிரௌசிங் சென்டர் வைத்திருக்கிறேன். பொறியியல் கலந்தாய்வுக்கு சாய்ஸ் ஃபில்லிங் செய்ய, அதாவது வேண்டிய கல்லூரியையும் பிரிவையும் வரிசைப்படுத்திப் பதிய, பிள்ளைகள் அப்பா அம்மாவோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். 2018-ல் கலந்தாய்வு ஆன்லைனுக்கு மாறியதிலிருந்து இந்த வேலை பார்க்கிறேன். அப்போதெல்லாம் கையில் ஒரு காகிதம் இருக்கும். சித்தப்பா எழுதிக் கொடுத்தது, டியூஷன் சார் எழுதிக் கொடுத்தது என்று. இப்போது ஸ்கிரீன்ஷாட்.

போன வருடம் ஒரு பெண் வந்தாள். கட் ஆஃப் 200-க்கு 168.5. போனை நீட்டி, "அண்ணா, இதை அப்படியே போட்டுடுங்க" என்றாள். ஓடிக்கொண்டிருந்த ரீல்ஸை நிறுத்தி எடுத்த படம் அது. பத்துக் கல்லூரிகள். ஒன்பதாவது கல்லூரியின் பெயர் மேல் லைக் பொத்தான் உட்கார்ந்திருந்தது. சரி, அந்த ரீல்ஸையே காட்டும்மா என்றேன். பத்து நிமிடம் தள்ளித் தள்ளிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. யார் போட்டது என்றும் தெரியவில்லை. "தானா வந்துச்சுண்ணா."

பத்துக்கும் ஒரே பிரிவு, ஏடி. ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸுக்குக் கலந்தாய்வில் அதுதான் கோட். அதில் முதல் நான்கு கல்லூரிகளில் முந்தைய வருடம் அந்தப் பிரிவு 190-க்கு மேலேயே முடிந்துபோயிருந்தது. இது ரகசியம் ஒன்றும் கிடையாது, கலந்தாய்வு இணையதளத்திலேயே இருக்கிறது. எந்தக் கல்லூரியில் எத்தனை விழுக்காடு தேர்ச்சி என்று அண்ணா பல்கலைக்கழகமும் வெளியிடுகிறது. ஆனால் அதெல்லாம் பாட்டு போடாத பிடிஎஃப். நாமாகப் போய்த் திறந்தால்தான் உண்டு.

ஏன் இந்தப் பிரிவு என்று கேட்டதற்கு, "எல்லாரும் அதைத்தானே எடுக்கறாங்க" என்றாள். எல்லாரும் என்றால் யார் யார் என்று விரல் விட்டு எண்ணச் சொன்னேன். வகுப்பில் இரண்டு பேர். மற்றவர்கள் எல்லாம் போனில் வந்தவர்கள். ஒரு வீடியோவை முழுசாகப் பார்த்தால் போதும், அதே மாதிரி இன்னும் பத்து வந்து நிற்கும். இரண்டே வாரத்தில் உலகமே அதைத்தான் படிக்கிறது என்று ஆகிவிடுகிறது. பதினேழு வயதில் எனக்கு அப்படி வந்திருந்தால் நானும் நம்பியிருப்பேன்.

போன் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று புலம்புகிற ஆள் நான் கிடையாது. இண்டர்நெட்டை வைத்துத்தான் எனக்கே சோறு. எங்கள் தெருவில் ஒரு பையன், பத்தாவதோடு நின்றவன். மொபைல் போர்டில் ஷார்ட் சர்க்யூட் எங்கே என்று பார்க்க யூடியூபில்தான் கற்றான். இந்தி வீடியோக்கள், இந்தி சுத்தமாகத் தெரியாது. நோட்டில் படம் வரைந்து, காதில் விழுந்த சொல்லைத் தமிழ் எழுத்தில் குறித்து வைத்திருப்பான். போர்டு முழுக்க ரோசின் என்கிற பிசினின் புகையைப் படியவிட்டு மின்சாரம் கொடுத்தால், ஷார்ட் ஆன இடம் சூடாகி அங்கே மட்டும் வெள்ளைப் படலம் உருகிவிடும். ஒருநாள் என் போனில் அதைச் செய்து காட்டினான், மந்திரம் மாதிரி இருந்தது. இப்போது சொந்தக் கடை. அவன் தேடிப் போனான். இந்தப் பெண்ணுக்குத் தானாக வந்தது. போன் ஒன்றுதான்.

அப்புறம், வருகிற சரக்கில் பாதி விளம்பரம். காசு வாங்கிப் பேசினால் விளம்பரம் என்று போட வேண்டும் என 2021-லேயே விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பு விதி கொண்டுவந்துவிட்டது. "தம்பி தங்கைகளே" என்று ஆரம்பித்து கடைசியில் வாட்ஸ்அப் எண் கொடுப்பவர்களில் எத்தனை பேர் போடுகிறார்கள்? பழைய அட்மிஷன் புரோக்கர்தான், ரிங் லைட் வாங்கியிருக்கிறார்.

அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வின் கதையும் இதே கதைதான். 2024-ல் 6,244 இடங்கள் என்று அறிவிப்பு வந்தது, விண்ணப்பம் சுமார் 20 லட்சம். வீடியோவில் உட்கார்ந்து எப்படிப் படித்தேன் என்று சொல்பவர் பாஸ் ஆனவர். மூன்று தடவை எழுதிவிட்டு நான்காவது விண்ணப்பத்துக்கு என் கடைக்கு வருகிறவரிடம் யாரும் மைக்கை நீட்டுவதில்லை.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. வீடியோவில் அழகாகத் தெரிகிற வேலைதான் பிள்ளைகளுக்கு வேலையாகத் தெரிகிறது. பெங்களூரு கம்பெனி கேண்டீனில் என்ன சாப்பாடு என்று இந்தப் பெண்ணுக்குத் தெரியும். அவள் அப்பா கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். வெறும் சேஸிஸாக வந்து நிற்பதன் மேல் கூடு அடித்து, தகடு போர்த்தி, சீட்டும் கண்ணாடியும் வைத்து முழு பஸ்ஸாக அனுப்புகிற ஊர் கரூர். கண்டபடி கட்டவும் முடியாது. அவசர வழி எங்கே, சீட்டுக்குச் சீட்டு எவ்வளவு இடைவெளி என்றெல்லாம் சொல்லும் ஏஐஎஸ் 052 என்ற விதித்தொகுப்பே இருக்கிறது. அதைப் படித்து யாரோ ஒருவர் டிராயிங் போட்டாக வேண்டும்.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, அதுவரை வாசலில் நின்றிருந்த அவள் அப்பா உள்ளே எட்டிப் பார்த்து, "எங்க பட்டறையில ஒரு பொண்ணுதான் தம்பி கம்ப்யூட்டர்ல டிராயிங் போடுது" என்றார். மகள் திரும்பிப் பார்த்தாள். "என்னப்பா படிச்சிருக்காங்க?" அவருக்குத் தெரியவில்லை. பட்டியலை உறுதிசெய்து லாக் செய்ய இன்னும் ஒருநாள் இருந்தது, கேட்டுக்கொண்டு வாங்க என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் பட்டியல் நோட்டுத் தாளில் வந்தது. முந்தைய வருட மதிப்பெண்களைப் பக்கத்தில் எழுதியிருந்தாள். முதல் ஆறும் ஏடிதான், அதில் மாற்றமில்லை. ஏழாவதிலிருந்து மெக்கானிக்கல், ஆட்டோமொபைல். டிராயிங் போடும் அந்த அக்காவோடு முக்கால் மணி நேரம் பேசினாளாம்.

கடைசியில் ஐந்தாவதாகப் போட்ட ஏடி கிடைத்து, சேர்ந்துவிட்டாள். அந்த ஒன்பதாவது கல்லூரி எது என்று மட்டும் இன்னும் தெரியவில்லை.