புது நூலகம் கட்டப்போகிறவர்களுக்கு, இறாக்கை அடுக்கியவன் எழுதுவது

பல்கலைக்கழகத்துக்குப் புது நூலகம் என்ற பேச்சு எங்காவது எழுந்தால் முதலில் வெளியே வருவது ஒரு படம். கண்ணாடி முகப்பு, முன்னால் புல்தரை, படியில் சிரித்தபடி நிற்கும் பிள்ளைகள். படத்தைப் பார்த்தவுடன் நான் தேடுவது இரண்டு விஷயம். புத்தகம் எங்கே நிற்கப்போகிறது? இரவு எத்தனை மணிக்குக் கதவைப் பூட்டப்போகிறார்கள்? இரண்டுக்கும் அந்தப் படத்தில் பதில் இருக்காது.

நான் நூலகங்களில் 24 வருடம் வேலை செய்தவன். பெரிய பதவி ஒன்றும் இல்லை. இறாக்கையில் புத்தகம் அடுக்கினேன், இரவல் மேசையில் இருந்தேன், கிழிந்த மட்டை ஒட்டினேன். ஒருமுறை முழு நூலகத்தையும் பழைய கட்டடத்தில் இருந்து புதுக் கட்டடத்துக்கு மாற்றும் வேலையிலும் நின்றேன். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. அங்கே நடந்தது எங்கேயும் நடக்கக்கூடியது.

மேல்மாடியில் புத்தகம், கீழே வாசிப்பு மண்டபம் என்பதுதான் திட்டம். கட்டி முடித்து, பெயின்ற் அடித்து, திறப்பு விழாத் திகதியும் குறித்தாயிற்று. நாங்கள் புத்தகம் ஏற்றத் தொடங்கி நாலாம் நாள் ஒரு பொறியியலாளர் வந்தார். இறாக்கைகளைப் பார்த்தார், வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார், உடனே நிறுத்தச் சொன்னார். அந்தத் தளம் வகுப்பறைப் பாரத்துக்குக் கணக்கிட்டுப் போட்ட தளம். வகுப்பறைக்குச் சதுர மீற்றருக்கு 300 கிலோ அளவு தாங்கினால் போதும். இறாக்கைகள் நெருக்கமாக நிற்கும் தளம் 700 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும். நம்பக் கஷ்டமாக இருந்தால் நீங்களே கணக்குப் போடுங்கள். ஒரு மீற்றர் தட்டு நிறையப் புத்தகம் என்றால் 30 கிலோ அளவில் வரும். ஆறு தட்டு, இரண்டு பக்கம், 360 கிலோ, அதுவும் ஒரு சதுர மீற்றர்கூட இல்லாத இடத்தில். இறாக்கையின் இரும்புப் பாரம் வேறு.

ஏற்றிய அத்தனையையும் திரும்ப இறக்கினோம். கடைசியில் இறாக்கைகள் கீழே நின்றன, வாசிக்கும் மேசைகள் மேலே போயின. லிஃப்ற் பிறகு வரும் என்றார்கள். சக்கர நாற்காலியில் வந்த ஒரு பிள்ளை, இறாக்கைகளுக்கு நடுவில் நாங்கள் போட்டுக்கொடுத்த சின்ன மேசையில் இருந்துதான் படிப்பை முடித்தது. யாராவது புத்தகம் தேடி அந்தப் பக்கம் வந்தால் அது நாற்காலியைப் பின்னுக்கு எடுத்து வழிவிடும். ஒவ்வொரு முறையும். எனக்கு அதைப் பார்க்க முடிவதில்லை.

வரைபடம் கீறும் முதல் நாளே நூலக ஊழியர் ஒருவரைப் பக்கத்தில் இருத்தி இருந்தால் இது நடந்திருக்காது.

புத்தகம் வளர விடவேண்டிய இடம் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கதை எல்லாருக்கும் தெரியும். 1933 இல் கே. எம். செல்லப்பா என்பவர் தன் வீட்டில் வைத்துப் புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த வருடம் ஒற்றை அறையில் அது முறையான நூலகமானபோது இருந்தவை 844 புத்தகங்கள். 1981 மே 31 இரவு அதற்கு நெருப்பு வைத்தபோது கிட்டத்தட்ட 97,000. அந்த இலக்கத்தைக் கேட்டவுடன் நெருப்புத்தான் எங்கள் கண்ணுக்கு வரும். அதே இலக்கம் வேறொன்றையும் சொல்கிறது: 47 வருடத்தில் நூறு மடங்குக்கு மேல் வளர்ந்திருக்கிறது. 1959 இல் திறந்த அந்தக் கட்டடத்தை வரைந்தவர் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன். ஆலோசனை சொன்னவர் இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன். நூலகம் வளரும் உயிர் என்பது 1931 இல் ரங்கநாதன் சொன்ன ஐந்து விதிகளில் கடைசி விதி. இன்றைக்குப் போடும் திட்டங்களில் இன்றைக்கு இருக்கும் புத்தகத்துக்குத்தான் இறாக்கை கணக்கிடுகிறார்கள். திறக்கிற நாளில் ஒவ்வொரு தட்டிலும் மூன்றில் ஒரு பங்காவது வெறுமையாக இருக்க வேண்டும்.

அந்த வெறுமையையும் எல்லா இடத்திலும் ஒரே அளவாக விட்டால் சரிவராது. புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக இலக்கம் போட்டு அடுக்கும் தூயி தசமப் பகுப்பு 1876 இல் அமெரிக்காவில் வந்தது. அதில் 200 இல் தொடங்கும் சமயப் பகுதியில் பெரும்பங்கு கிறிஸ்தவத்துக்கு. எங்கள் சைவ நூல்கள் எல்லாம் 294.5 என்ற ஒரு மூலைக்குள். தமிழ் இலக்கியம் முழுக்க 894.811. யாழ்ப்பாணத்தில் எந்த நூலகத்திலும் புத்தகம் வந்து குவிவது இந்த இரண்டிலும்தான். நாங்கள் மாற்றும்போது ரேப் பிடித்துத் தட்டுத் தட்டாக அளந்தோம், பெட்டிக்கு இலக்கம் போட்டு, பகுதிக்கு ஒரு நிறத்தில் தாள் ஒட்டினோம். இருந்தும் இடைவெளியை எல்லாத் தட்டுக்கும் சமமாகப் பங்கிடச் சொன்னார்கள். இரண்டாம் வருடமே 894.811 நிலத்துக்கு இறங்கிவிட்டது. பக்கத்து இறாக்கைகள் பாதி வெறுமையாக நின்றன.

சரி, நேரத்துக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுதத் தொடங்கியதே இதற்காகத்தான்.

யாழ்ப்பாணக் கம்பஸுக்கு வன்னியில் இருந்தும் மட்டக்களப்பில் இருந்தும் மலையகத்தில் இருந்தும் தெற்கில் இருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். கம்பஸைச் சுற்றியுள்ள திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் கோண்டாவிலிலும் அறை எடுத்து இருக்கிறார்கள். ஒரு அறையில் மூன்று பேர், ஒரு மேசை, ஒரு ஃபான். பத்து மணிக்கு லைற்றை நிறுத்து என்று சொல்லும் வீட்டுக்காரரும் உண்டு. இந்தப் பிள்ளைகளுக்கு நூலகம் என்பது முதலில் ஒரு கதிரையும் ஒரு வெளிச்சமும்.

வெளிச்சத்தின் பெறுமதி எங்கள் வயதுக்காரருக்குத் தெரியும். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் நாங்கள். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் நனைய மண்ணெண்ணெய், ஒரு திரி. ஒரு விளக்கைச் சுற்றி நாலு பேர். எண்ணெய் முடிந்தால் படிப்பும் முடிந்தது. ரங்கநாதன் நூல்கள் பயன்படுத்துவதற்கே என்ற முதல் விதியை விளக்கும்போது, நூலகம் எங்கே இருக்கிறது, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதையும் அதற்குள்தான் கொண்டுவருகிறார். ஆகவே நள்ளிரவு வரை திறந்திருக்கும் ஒரு மண்டபத்தை வரைபடத்திலேயே தனியாக வையுங்கள். தனி வாசல், தனி மலசலகூடம், குடிதண்ணீர். மற்றப் பகுதிகளைப் பூட்டினாலும் இது நடக்க வேண்டும். பெண்பிள்ளைகள் திரும்பிப் போக இராமநாதன் வீதி வரைக்கும் லைற் போடுங்கள், இரவு ஒரு வான் விடுங்கள். இதுவும் நூலகச் செலவுதான்.

கண்ணாடி முகப்பை மேற்குப் பக்கம் வைக்காதீர்கள். பின்னேர வெயிலில் சிவப்பு மட்டை ஒரே வருடத்தில் றோஸ் ஆனதை நான் பார்த்தேன். வாடைக்காற்று காலத்து மழை சாய்ந்து அடிக்கும். வடகிழக்கு யன்னலுக்கு மேலே ஆழமான தாழ்வாரம் இல்லாவிட்டால் ஐப்பசி கார்த்திகையில் புத்தகங்களுக்குப் பூஞ்சணம் நிச்சயம். ஏசியை மட்டும் நம்பிக் கட்டவும் கூடாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாடு இது.

இன்னொரு அறையும் கேட்கிறேன், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காலமானால், ஐம்பது வருடம் சேர்த்த சிறப்பு மலர்களும் சஞ்சிகைகளும் பிள்ளைகள் கனடாவில் இருந்து வந்து வீடு துப்புரவாக்கும் அந்த ஒரு கிழமைக்குள் பழைய கடதாசிக்காரனிடம் போகின்றன. கொண்டுவந்து கொடுக்க ஒரு மேசையும், தூசு தட்டி ஸ்கான் பண்ண இரண்டு பேரும் இருந்தால் போதும். 2005 முதல் 'நூலகம்' என்ற பெயருடைய மின்னூலக இணையத்தளம் தொண்டர்களை வைத்து இதைச் செய்து காட்டியிருக்கிறது. சுவடிகள் எரிந்த ஊரில் எந்த நூலும் ஒற்றைப் பிரதியாக இருக்க விடக்கூடாது.

திறப்பு விழா பற்றி ஒன்று மட்டும். முதல் நாளே ஒரு பிள்ளைக்காவது புத்தகம் இரவல் கொடுங்கள்.

எங்களுடைய விழாவுக்கு வாசலுக்கு நேரே தெரியும் இரண்டு இறாக்கையை மட்டும் நிரப்பச் சொன்னார்கள். பெரிய மட்டைப் புத்தகங்களாகப் பார்த்து அடுக்கினோம். குத்துவிளக்கேற்றி, நாடா வெட்டி, படமெடுத்து, பன்னிரண்டரைக்கு எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். அப்போது ஒரு பெடியன் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

"அண்ணை, புத்தகம் எடுக்கலாமோ?"

புள்ளிவிபரவியல் புத்தகம் ஒன்று கேட்டான். அடுத்த கிழமை வாங்கோ தம்பி என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் புத்தகம் கீழ் மண்டபத்தில், திரைக்குப் பின்னால், மூன்றாவது வரிசையில், பச்சைத் தாள் ஒட்டிய பெட்டிக்குள் இருந்தது. பெட்டியின் இலக்கம்கூட எனக்குத் தெரியும்.