கரையில் நடக்கிறவருக்கும் பாடம் நடத்துங்கள்

சுரங்கக் கழிவைப் பாதுகாப்பாகத் தேக்கி வைப்பது எப்படி என்று சொல்லித்தரும் படிப்புகள் இப்போது நிறைய வந்துவிட்டன. வீட்டில் உட்கார்ந்தபடியே ஆன்லைனில் முடித்துச் சான்றிதழ் வாங்கலாம். என் அக்கா மகன் ஜாம்பியாவில் ஒரு செம்புச் சுரங்கத்தில் வேலை பார்க்கிறான். கம்பெனி செலவில் அப்படி ஒரு படிப்பில் சேர்ந்து, பாடங்களை எனக்கும் அனுப்பி வைக்கிறான். தஞ்சாவூர்ப் பக்கம் பாசனப் பிரிவில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவனுக்கு ஆறும் கரையும் தவிர வேறு என்ன பேசத் தெரியும்? ஆர்வமாகவே படித்தேன். பாடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை யாருக்கு நடத்துகிறார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செம்புத் தாது நூறு டன் வெட்டினால் பல சுரங்கங்களில் ஒரு டன் செம்புகூடத் தேறாது. தங்கம் என்றால் டன்னுக்குச் சில கிராம். மிச்சமெல்லாம் மாவாக அரைத்த கல். அதைத் தண்ணீரோடு கலந்து, கரை கட்டிய பெரிய தேக்கத்துக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். இந்தக் கழிவைத்தான் ஆங்கிலத்தில் டெய்லிங்ஸ் என்பார்கள். கழிவு அடியில் படிய, தெளிந்த தண்ணீரை மறுபடி ஆலைக்கு எடுத்துக்கொள்வார்கள். தேக்கம் நிரம்ப நிரம்பக் கரையை உயர்த்திக்கொண்டே போக வேண்டும். மேட்டூர் அணையை 1934இல் கட்டி முடித்தார்கள், கதை முடிந்தது. கழிவு அணையில் கட்டுவதும் நிரப்புவதும் பல வருஷம் சேர்ந்தே நடக்கும். அதற்குள் பொறியாளர் மாறுவார், ஒப்பந்தக்காரர் மாறுவார், முதலாளியே மாறிவிடுவார். சுரங்கத்தை மூடிய பிறகும் கழிவு அங்கேதான் கிடக்கும். கோலார் தங்கவயலை 2001இல் மூடினார்கள். நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த அந்த ஊரில் சயனைடு மேடுகள் இன்னும் நிற்கின்றன, காற்றடித்தால் ஊருக்குள் தூசி வருகிறது.

கரையை உயர்த்த மலிவான வழி ஒன்று உண்டு. ஏற்கெனவே படிந்த கழிவின் மேலேயே, உள்பக்கமாக அடுத்த கரையைப் போடுவது. அப்ஸ்ட்ரீம் முறை என்பார்கள். செலவு குறைவு, ஆனால் கரைக்கு அஸ்திவாரமே அந்தக் கழிவுதான். அது வடிந்து இறுகியிருக்கும் வரை சரி. உள்ளே நீர்மட்டம் ஏறிவிட்டால், கெட்டியாகத் தெரிந்தது திடீரென்று கூழாகிவிடும். கொள்ளிடத்தில் தண்ணீர் ஓரத்து ஈர மணலில் நின்று காலால் தட்டிக்கொண்டே இருந்தால் மணல் இளகிக் கால் புதையுமே, சின்ன வயதில் நாம் எல்லோரும் ஆடியது, அதேதான் இதுவும்.

பிரேசிலில் புரூமாடின்யோ என்ற ஊரில் 2019 ஜனவரி 25 அன்று நடந்தது அதுதான். 86 மீட்டர் உயரமுள்ள இரும்புத் தாதுக் கழிவு அணை மதியச் சாப்பாட்டு நேரத்தில் சரிந்தது. அதில் கழிவு கொட்டுவதையே நிறுத்திச் சில வருஷம் ஆகியிருந்தது. சுரங்கத்தின் கேண்டீனும் அலுவலகமும் அணைக்குக் கீழே இருந்தன. சைரன் ஊதவில்லை. 270 பேர் செத்துப்போனார்கள். கரை உறுதியாக இருக்கிறது என்று சில மாதம் முன்புதான் ஒரு வெளி நிறுவனம் சான்றிதழ் கொடுத்திருந்தது. அங்கே படித்த ஆளா இல்லை, கருவியா இல்லை, அறிக்கையா இல்லை? எல்லாம் இருந்தன. கேண்டீனும் கடைசிவரை அதே இடத்தில்தான் இருந்தது.

அதன் பிறகு 2020 ஆகஸ்டில் உலக அளவில் ஒரு தரநிலை வந்தது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும், பெரிய சுரங்கக் கம்பெனிகளின் கூட்டமைப்பும், முதலீட்டாளர்கள் தரப்பும் சேர்ந்து கொண்டுவந்தது. படிப்புகள் இப்படிப் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். அதில் எனக்குப் பிடித்த இடம், பொறுப்பைக் காற்றில் விடாமல் ஆள் மேல் வைத்திருப்பது. தளத்தில் ஒரு பொறுப்புப் பொறியாளர். வடிவமைப்புக்குப் பதில் சொல்ல இன்னொரு பொறியாளர். மேலே, கம்பெனித் தலைவருக்கு நேரடியாகப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் உயரதிகாரி. கோப்பு எனக்கு வரவே இல்லை என்று கையை விரிக்க முடியாது. தவறு நடக்கிறது என்று சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். நம்மூர் அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த ஒரு வரியின் அருமை தெரியும்.

சரி, இவ்வளவு நல்ல பாடத்தை யார் கேட்கிறார்கள்? அக்கா மகனிடமே கேட்டேன். "எங்க செட்ல எல்லாரும் இன்ஜினியர்தான் மாமா. ராத்திரி ஷிஃப்ட்ல குழாய் திருப்புற ஆள் ஒருத்தர்கூட இல்ல. அவங்களுக்கு வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் டூல்பாக்ஸ் டாக், அவ்வளவுதான்" என்றான்.

குழாய் திருப்புகிற ஆள் என்றால் சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். கழிவை எந்த முனையில் விடுவது, எப்போது அடுத்த முனைக்கு மாற்றுவது என்பதைக் கையால் செய்கிறவர் அவர்தான். கரையோரம் மணல் படிந்து மேடாகித் தண்ணீர் நடுவே ஒதுங்கி நிற்க வேண்டும். அவர் அசந்தால் தண்ணீர் கரையை ஒட்டி வந்து நிற்கும். தென்னாப்பிரிக்காவின் மெரிஸ்புரூட்டில் 1994 பிப்ரவரி 22 அன்று ராத்திரி நல்ல மழை. தங்கச் சுரங்கக் கழிவுத் தேக்கத்தில் தண்ணீர் ஏற்கெனவே கரையை ஒட்டித்தான் நின்றது. வழிந்தது, கரை உடைந்தது, கீழே இருந்த குடியிருப்பில் 17 பேர் இறந்தார்கள். அந்தத் தேக்கத்தில் அன்றாடம் நின்ற ஆட்களுக்கு எந்த வகுப்பில் இடம் கொடுத்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

எங்கள் துறையில் லஸ்கர் என்று ஒரு பதவி உண்டு. டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கொள்ளிடம் கரை முட்டப் போகும்போது ராத்திரி டார்ச்சை எடுத்துக்கொண்டு கரையோடு நடக்கிறவர் அவர்தான். கரையின் வெளிப்பக்க அடியில் கசிவு தெரிந்தால் அவர் முதலில் தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார். தெளிவாக வந்தால் கவனித்துக்கொண்டே இருக்கலாம். கலங்கி வந்தால் கரையின் மண் உள்ளிருந்து அரித்து வெளியே போகிறது என்று அர்த்தம், அப்புறம் ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது. ஊற்றுப் போலக் கொதித்து மணலைத் தள்ளினால் அதன் வாயை அடைக்க மாட்டார்கள். இங்கே அடைத்தால் பக்கத்தில் வேறொரு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். சுற்றி மண் மூட்டையை வட்டமாக அடுக்கி, உள்ளே தண்ணீரை ஏறவிட்டு, அந்தத் தண்ணீரின் பாரத்தாலேயே ஊற்றின் வேகத்தைக் குறைப்பார்கள். மணலும் ஜல்லியும் போட்டு மண் வெளியேறாமல் தண்ணீரை மட்டும் வடியவிடுவார்கள். நண்டு வளை, எலி வளை எங்கே இருக்கிறது என்பதும் அவருக்கு அத்துப்படி. இதே விஷயத்தை அக்கா மகனின் பாடத்தில் கணக்கு, வரைபடம், வண்ணப் படம் எல்லாம் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். ரொம்ப அழகாகவே. ஆனால் கலங்கல் முதலில் யார் கண்ணில் படுமோ அவர் அந்தப் படத்தைப் பார்க்கப் போவதில்லை. பார்த்தாலும், விடியும்வரை காத்திருக்காமல் மேனேஜரைத் தூக்கத்திலிருந்து எழுப்பவும் பம்ப்பை நிறுத்தச் சொல்லவும் அவருக்கு உரிமை வேண்டும். அது இல்லாமல் பயிற்சி கொடுத்துப் பிரயோஜனமில்லை.

மேலே இருப்பவர்களுக்கும் பாடம் வேண்டும். பணத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவரைச் சொல்கிறேன். கனடாவில் 2014 ஆகஸ்டில் மவுண்ட் பாலி கழிவு அணை உடைந்ததற்கு, அஸ்திவாரத்துக்கு அடியில் பலமில்லாத ஒரு களிமண் அடுக்கு இருந்ததைக் கண்டுபிடிக்காமல் விட்டதுதான் காரணம் என்றது விசாரணைக் குழு. நிலத்தைத் துளைத்துப் பார்ப்பது செலவு பிடிக்கிற வேலை. இன்னும் பத்துத் துளை போடலாமா என்று கேட்டால், போதும் என்று சொல்கிறவர் பெரும்பாலும் மண்ணைத் தொட்டவராக இருக்க மாட்டார். முக்கொம்பு மேலணையில் 2018 ஆகஸ்ட் 22 அன்று ராத்திரி 45 ஷட்டர்களில் 9 அடித்துக்கொண்டு போனது நினைவிருக்கும். 1830களில் ஆர்தர் காட்டன் கட்டியது. பழைய கட்டுமானம் தேய்வது யார் தப்பும் இல்லை. பராமரிப்புக் கோப்பு எந்த மேஜையில் எத்தனை நாள் தூங்கும் என்பது மட்டும் எல்லாக் காலத்திலும் மனிதர் கையில்தான் இருக்கிறது. நான் அனுப்பிய கோப்புகளும் தூங்கியிருக்கின்றன.

அப்புறம் கரைக்குக் கீழே குடியிருப்பவர்கள். வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் கிராமத்தில் 1966 அக்டோபர் 21 அன்று நிலக்கரிச் சுரங்கக் கழிவு மேடு சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர், அதில் 116 குழந்தைகள். ஊற்று உள்ள இடத்தின் மேல் கழிவைக் கொட்டியிருந்தார்கள். பள்ளிக்குப் பின்னால் கழிவு கொட்டுவது ஆபத்து என்று மூன்று வருஷம் முன்பே உள்ளூர் நிர்வாகத்திலிருந்து கடிதம் போயிருந்தது. அதைப் பெற்றுக்கொண்ட இடத்தில் நடவடிக்கை எடுக்க ஆளில்லை. ஜாம்பியாவிலேயே 2025 பிப்ரவரி 18 அன்று வேறொரு கம்பெனியின் கழிவு அணை உடைந்து, அமிலக் கழிவு ஓடை வழியாக காஃபூவே ஆற்றில் கலந்தது. மீன் செத்து மிதந்தது, கரையோர மக்காச்சோளம் கருகியது, கிட்வே நகரத்துக்குக் குடிதண்ணீர் நின்றது. அமிலத்தை முறிக்க விமானத்திலிருந்து சுண்ணாம்பு கொட்டினார்கள். ஒரே ஆற்றை நம்பி உழுது, குடித்து வாழ்கிற நமக்கு இதைப் படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

டெல்டாக்காரன் சுரங்கத்தை எதிர்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதானே, கழிவை எப்படித் தேக்குவது என்ற பாடம் எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். எதிர்த்தோம், எதிர்ப்போம். 2020இல் வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. 2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே என்று மூன்று நிலக்கரி வட்டாரங்களை ஏலத்துக்குக் கொண்டுவந்தபோது ஊரே எழுந்து நின்றது, பட்டியலிலிருந்து எடுத்தார்கள். ஆனால் நம்ம போர்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற செம்பு எங்கேயோ ஒரு ஊரில் வெட்டியதுதானே? அந்த ஊரிலும் ஒரு கழிவுத் தேக்கம் இருக்கும், அதற்குக் கீழே வயலும் வீடும் இருக்கும். நம் பிள்ளைகளே அங்கே போய் வேலை பார்க்கிறார்கள். ஒழுங்காகக் கற்றுக்கொண்டு போகட்டும் என்கிறேன்.

தவிர, நமக்கு மேல்பக்கத்திலும் இப்படிப்பட்ட கரைகள் இருக்கின்றன. நெய்வேலியில் குவிந்திருக்கும் மேல்மண் மேட்டையும் டெய்லிங்ஸையும் போட்டுக் குழப்ப வேண்டாம், இரண்டும் வேறு. ஆனால் அனல்மின் நிலையத்தின் ஈரச் சாம்பல் குளம் இந்த வகையறாவுக்கு நெருங்கிய சொந்தம். மத்தியப் பிரதேசத்தின் சிங்ரௌலியில் 2020 ஏப்ரலில் ஒரு சாம்பல் குளக் கரை உடைந்து உயிர்கள் போயின. நம் தண்ணீர் புறப்படும் மேட்டூரில் அனல்மின் நிலையச் சாம்பலும் உண்டு, மூடிப்போன அலுமினிய ஆலையின் சிவப்புச் சேறும் உண்டு. 2021ஆம் வருஷத்து அணைப் பாதுகாப்புச் சட்டம் ஆற்றின் குறுக்கே தண்ணீரைத் தேக்கவும் திருப்பவும் கட்டும் அணைகளைப் பற்றியது. சாம்பலையும் சேற்றையும் மனதில் வைத்து எழுதியதல்ல. பயிற்சி, ஒத்திகை, பெயர் சொல்லிப் பொறுப்பு என்று உலகத் தரநிலை கேட்பதையெல்லாம் இந்தக் கரைகளுக்கும் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

மேட்டூர், நெய்வேலிப் பக்கத்து நண்பர்கள் யாராவது தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். அந்தக் கரைகளைத் தினமும் நடந்து பார்ப்பவர் நிரந்தர ஊழியரா, ஒப்பந்தக்காரரின் ஆளா? அவருக்கு என்ன பயிற்சி, எந்த மொழியில்? கசிவு கலங்கினால் அவர் முதலில் யாருக்குப் போன் செய்ய வேண்டும், கீழே உள்ள கிராமத்தில் யாருக்குத் தகவல் போகும், கடைசியாக ஒத்திகை நடந்தது எப்போது? மனுவின் வாசகத்தை நான் எழுதித் தருகிறேன், உள்பெட்டியில் சொல்லுங்கள்.