பீட்டர் பார்க்கரின் கல்யாணத்தை அழித்தது யார்?

நினைத்தாலே வயிறு எரிகிறது. 1987-ல் மார்வெல் கம்பெனியின் அமேசிங் ஸ்பைடர்மேன் காமிக்ஸில், ஆனுவல் 21 என்ற ஆண்டுச் சிறப்பிதழில், ஸ்பைடர்மேனாகிய பீட்டரும் அவன் காதலி மேரி ஜேனும் கல்யாணம் செய்துகொண்டார்கள். இருபது வருடம் வாசகர்கள் அவர்களோடு வாழ்ந்தார்கள். 2007 கடைசியில் 'ஒன் மோர் டே' என்று நான்கே இதழ்கள். அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள்.

கதைக்கு அது தேவைப்படவில்லை. அன்றைய மார்வெல் தலைமை எடிட்டர் ஜோ கெஸாடாவுக்குத்தான் தேவைப்பட்டது. கல்யாணம் ஆனால் ஸ்பைடர்மேனுக்கு வயசாகிவிடுகிறதாம். விவாகரத்து செய்தாலோ மனைவி செத்தாலோ இன்னும் வயசாகுமாம். அதனால் மெஃபிஸ்டோ என்ற சாத்தானைக் கொண்டுவந்து, குண்டடிபட்டுக் கிடந்த, பீட்டரை வளர்த்த மே அத்தையின் உயிருக்கு விலையாகக் கல்யாணத்தைக் கேட்க வைத்தார்கள்.

இதில் பீட்டர் என்ன ஆனான் என்று யாராவது யோசித்தார்களா? தன்னை வளர்த்த பென் மாமாவின் சாவுக்குத் தானே பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டதில் பிறந்தவன் அவன். 1995-ல், 400-வது இதழில், மே அத்தை அமைதியாகக் கண்மூடியபோது அழுதுகொண்டே விடைகொடுத்தவன். (அந்த அருமையான சாவையும் பிறகு, இறந்தது அத்தை இல்லை, அவரைப்போல நடித்த ஒரு நடிகை என்று கெடுத்தார்கள்.) அவனைப் போய் சாத்தானோடு பேரம் பேச வைத்தால், விவாகரத்தைவிடப் பெரிய களங்கம் இல்லையா அது?

சரி, அழித்ததையாவது ஒழுங்காக அழித்தார்களா? 'ஒன் மோர் டே' எழுத்தாளர் ஸ்ட்ராசின்ஸ்கியிடம் ஒரு திட்டம் இருந்தது: 1971-ல் பீட்டரின் நண்பன் ஹாரி ஆஸ்பார்ன் போதையில் விழுந்த கட்டத்துக்கே போய் அங்கே ஒன்றை மாற்றுவது, அதிலிருந்து மற்றதெல்லாம் மாறுவது. எடிட்டர்கள் மறுத்தார்கள். நடந்ததெல்லாம் நடந்தபடியே இருக்க வேண்டும், கல்யாணம் மட்டும் போக வேண்டும் என்றார்கள். ஒரு இழையை மட்டும் உருவினால் துணி நிற்குமா? 1993-ல் செத்த ஹாரி உயிரோடு வந்து நின்றான். 2006-ல் உலகமே பார்க்க முகமூடியைக் கழற்றிய பீட்டரின் ரகசியம் மறுபடி ரகசியமானது. கல்யாணம் ஏன் நடக்கவில்லை என்று சொல்லவே 2010 வரை ஆனது. அப்போதும் கிடைத்த பதில், அடிபட்டு மயங்கியதால் மாப்பிள்ளை வரவில்லை என்பதுதான்.

இவ்வளவுக்கும் திட்டு விழுவது அட்டையில் பெயர் இருக்கும் எழுத்தாளருக்கு! பாத்திரம் கம்பெனியின் சொத்து. எழுதுபவர் கூலிக்கு எழுதுகிறார். கதைச் சுருக்கத்துக்கு எடிட்டர் தலையாட்டினால்தான் பக்கம் நகரும். பல சமயம் முடிவு மேலிருந்து முதலில் வரும், அதற்குக் கதை பின்னால் தேடப்படும். ஸ்ட்ராசின்ஸ்கி கடைசி இரண்டு இதழ்களிலிருந்து தன் பெயரையே எடுத்துவிட நினைத்தார். திட்டுவதற்கு முன் எடிட்டர் பெயரையும் பாருங்கள்.

மார்வெலின் போட்டிக் கம்பெனியான டிசியிலும் இதே கதைதான். சூப்பர்மேனும் லோயிஸும் 1996-ல் செய்த கல்யாணத்தை 2011-ல் துடைத்தார்கள். 2013-ல் பேட்வுமன் என்ற நாயகிக்குக் கல்யாணம் கூடாது என்று டிசி சொன்னதும் அந்தத் தொடரை எழுதிய இருவரும் வெளியேறினார்கள்.

கல்யாணம் நாயகனைக் கொல்லுமா? ராணி காமிக்ஸில் மாயாவியாக வந்த ஃபேண்டம் 1977-ல் டயானாவை மணந்தார், இரட்டைக் குழந்தைகளும் பிறந்தார்கள். அவரைப் படைத்த லீ ஃபாக் அதற்குப் பிறகும் 1999-ல் சாகும்வரை அவரை எழுதினார்.

2022-ல் தொடங்கிய அமேசிங் ஸ்பைடர்மேன் தொடரில் மேரி ஜேனை பால் என்பவனோடும் இரண்டு குழந்தைகளோடும் நிறுத்தினார்கள். 2024-ல் அதே மார்வெல், மூலக் கதையோடு சேராத தனித் தொடரான அல்டிமேட் ஸ்பைடர்மேனில் மேரி ஜேனோடு குடும்பம் நடத்தும் பீட்டரையும் அவர்களின் இரண்டு பிள்ளைகளையும் காட்டியது. முதல் இதழே திரும்பத் திரும்ப அச்சாகும் அளவுக்கு விற்றது. பிறகும் மூலத் தொடரில் அந்தக் கல்யாணத்தைத் திருப்பித் தர என்ன தடை?