'ஒரு மணி நேரத்தில் முடிவு' சரி, எத்தனை கிருமி இருந்தால்?

குடிநீரில் ஈ. கோலை (மலக்கழிவு கலந்ததைக் காட்டும் குடல் கிருமி) இருக்கிறதா என்று ஹைட்ரோஜெல் (நீரை நிறைய உறிஞ்சி வைத்திருக்கும் மென்மையான கூழ்மம்) ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடும் என்ற செய்தியைப் பகிர்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நேரத்தைப் பார்க்கும் முன் எண்ணிக்கையைப் பாருங்கள்.

கனடாவில் சுஷாந்த மித்ரா குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஹைட்ரோஜெல் சோதனை உண்மையிலேயே நல்ல வேலை. மில்லிலிட்டருக்கு லட்சக்கணக்கில் ஈ. கோலை இருந்தால் 5 நிமிடத்தில் நிறம் வந்துவிடும். 400-தான் இருக்கிறது என்றால் 60 நிமிடம். ஆனால் மில்லிக்கு 400 என்பது 100 மில்லிக்கு 40,000! நம் நாட்டுக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500-ஓ 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிறது. சாக்கடை கலந்த கிணற்றை அந்த ஜெல் பிடித்துவிடும். குழாய் விரிசலில் கொஞ்சமாகக் கசிந்து கலக்கும் கழிவு தப்பித்துவிடும். நிறம் மாறாத ஜெல்லைக் காட்டி 'தண்ணீர் சுத்தம்' என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, பயமே அதுதான்.

ஏன் இப்படி? கிருமியின் உறையை உடைத்து, உள்ளே இருக்கும் பீட்டா-கேலக்டோசிடேஸ் நொதியை வெளியே எடுக்கிறோம். அது நிறமி கோத்த சர்க்கரையை வெட்டும்போது சிவப்பு தெரிகிறது. இந்தச் சோதனை ரசாயனங்களையும் நிறத்தையும் கலைந்து போகாமல் ஓரிடத்தில் பிடித்து வைப்பதுதான் ஜெல்லின் வேலை. ஒரே ஒரு கிருமியில் இருக்கும் நொதி கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு நிறம் தராது. அதிலும் சத்தில்லாத தண்ணீரில் கிடந்த ஈ. கோலையிடம் இந்த நொதி மிகக் குறைவு. ஐ.பி.டி.ஜி. என்ற தூண்டு ரசாயனத்தைச் சேர்த்து நொதியை உற்பத்தி செய்ய வைக்க வேண்டும். சீக்கிரம் வளரட்டும் என்று ஊட்டத்தில் குளுக்கோஸைக் கொட்டினால் நொதி உற்பத்தி அடங்கிவிடும். கிருமி பெருகும், நிறம் வராது.

சரியான வழி, 100 மில்லி தண்ணீரை 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்து, தாளில் தங்கியதை 1 மில்லி ஊட்டக் கரைசலில் கழுவி எடுத்து, 37 டிகிரியில் வளரவிட்டு, பிறகு ஜெல்லில் இடுவது. ஒரே ஒரு கிருமி பெருகி 400-ஐத் தாண்ட 9 முறை இரட்டிக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு முறை என்றால் நாலரை மணி நேரம். குளோரினில் அடிபட்ட கிருமி வளரத் தொடங்கவே கூடுதல் நேரம் எடுக்கும். ஆக, காலையில் எடுத்த மாதிரிக்கு மாலையில் பதில். 24 மணி நேரம் காத்திருக்கும் முறைகளோடு ஒப்பிட்டால் இதுவே பெரிய லாபம். இதை வெளிப்படையாகச் சொல்லி விற்கலாமே.

ஜெல் செய்ய முயலும் மாணவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 2 சதவீத சோடியம் ஆல்ஜினேட்டை (கடற்பாசியிலிருந்து எடுக்கும் பொருள்) 0.1 மோலார் கால்சியம் குளோரைடில் சொட்டுச் சொட்டாக விட்டால் ஜவ்வரிசி போல அழகான மணிகள் கிடைக்கும். அதை எடுத்து பாஸ்பேட் பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) போட்டுவிடுவார்கள். மணியைக் கட்டி வைத்திருக்கும் கால்சியத்தை பாஸ்பேட் பிடுங்கிக்கொள்ளும். மணி ஊதி, கலங்கி, கடைசியில் கூழாகிவிடும். உறை உடைக்கும் கரைசலில், கால்சியத்தைக் கவ்விக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. இருந்தாலும் இதே கதிதான். டிரிஸ் பஃபரில் கொஞ்சம் கால்சியம் குளோரைடு சேர்த்துப் பயன்படுத்துங்கள். பாலிஅக்ரிலமைடு ஜெல் என்றால் சிக்கல் வேறு: வலையின் கண்கள் நானோமீட்டர் அளவு, கிருமியோ 1 முதல் 2 மைக்ரான் நீளம். முழுக் கிருமி உள்ளே போகாது. உறையை வெளியிலேயே உடைக்க வேண்டும், இல்லையென்றால் பெரிய துளையுள்ள ஜெல் செய்ய வேண்டும். வினைபுரியாமல் மிஞ்சும் அக்ரிலமைடு நரம்பைப் பாதிக்கும் நஞ்சு. கையுறை இல்லாமல் தொடவே வேண்டாம்.

மாதிரி எடுக்கும் பாட்டிலில் குளோரினைச் செயலிழக்கச் செய்யும் சோடியம் தயோசல்பேட் இல்லையென்றால், லேபுக்கு வந்து சேர்வதற்குள் குளோரின் கிருமியைக் கொன்றுவிடும். 120 மில்லி பாட்டிலுக்கு 3 சதவீதக் கரைசல் 0.1 மில்லி போதும். வளர்க்காமல் நேரே சோதித்தால் நேர்மாறான சிக்கல்: சற்றுமுன் செத்த கிருமியின் நொதியும் நிறம் காட்டும். அதோடு, இந்த நொதி ஈ. கோலைக்கு மட்டும் உரியதல்ல, அதன் உறவுக் கிருமிகளான மற்ற கோலிஃபார்ம்களிடமும் உண்டு.

ஹைட்ரோஜெல் உடனே பயன்படக்கூடிய இடம் என்று நான் நினைப்பது காயக்கட்டு. தொற்றிய புண்ணில் ஒரு கிராம் திசுவுக்கு லட்சத்துக்கு மேல் கிருமி இருக்கும், தேடிச் சேர்க்க வேண்டியதில்லை. பிரிட்டனின் பாத் பல்கலைக்கழகத்தில் டோபி ஜென்கின்ஸ் குழு அகரோஸ் ஜெல்லுக்குள் ஒளிர்நிறமி அடைத்த நுண்பைகளை வைத்தது. புண்ணில் தொற்றும் சூடோமோனாஸ், ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆகிய கிருமிகள் கக்கும் நச்சு பட்டதும் பைகள் உடைந்து பச்சையாக ஒளிரும். கட்டைப் பிரிக்காமலே புண்ணில் தொற்று இருப்பது தெரிந்துவிடும்.